நூலகப் பட்டியல் என்ற கோப்பு

ஜூன் 3, திங்கள்

என் நாற்காலியை யாரோ உயர்த்தி வைத்திருக்கிறார்கள்.

கல்லூரியிலிருந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் கால் தரையில் படவில்லை. நான் ஐந்தடிக்கு ஓரங்குலம் குறைவு. வாங்கிய அன்றே அந்த நாற்காலியை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்தேன். அது தானாக ஏறாது. மானிட்டர் வேறு மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. மவுஸ் கீபோர்டை விட்டு ஒரு முழம் தள்ளிக் கிடந்தது.

இந்த மாடியில் குடியிருப்பது இரண்டே பேர், நானும் மேரியும். மேரி ஐந்தடி ஏழங்குலம்.

கேட்டேன்.

"உன் கம்ப்யூட்டர நான் ஏன்டி தொடறேன்? போன்ல படம் பாக்கவே எனக்கு நேரமில்ல."

ஆஸ்பத்திரி யூனிஃபார்மை பக்கெட்டில் ஊற வைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னாள். அதுதான் எனக்கு எரிச்சல்.

அறைக்குள் வைக்க முடிந்தால் வைத்திருப்பேன். என் அறையில் கட்டிலும் பீரோவும் போக ஒரு ஆள் நிற்க இடம், ஒரே ஒரு பிளக். இன்டர்நெட் ஒயர் ஹாலோடு நின்றுவிடுகிறது. அதனால் ஹாலில் இருக்கிறது. ஹாலில் இருப்பதால் அது ஊர்ச்சொத்து ஆகிவிடாது. லேப்டாப் என்றால் கையோடு எடுத்துப் போயிருக்கலாம். லேப்டாப்பின் கதையை இங்கே எழுதப் போவதில்லை.

வக்கீல் பொற்கொடி மேடம், தினமும் நடப்பதைத் தேதி போட்டு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார். "சின்ன விஷயம்னு எதையும் விட்றாதீங்க, குமுதவல்லி." சரி. இன்றைய சின்ன விஷயம், நாற்காலி.


ஜூன் 4, செவ்வாய்

மானிட்டரின் நெற்றியில் ஒரு தாள் ஒட்டினேன். 'இது என் சொந்தக் கம்ப்யூட்டர். யாரும் தொடக் கூடாது. - கு.'

மேரி படித்துவிட்டுச் சிரித்தாள். "யாரும்னா யாரு? இங்க நான் ஒருத்திதான இருக்கேன். மேரி தொடக் கூடாதுன்னே எழுதிரு."

எழுதியிருக்கலாம்.

மாலையில் வீட்டுச் சொந்தக்காரர் சகுந்தலா அக்கா கீழேயிருந்து ஒரு பொட்டலம் முறுக்கோடு ஏறி வந்தார். யாரோ கொடுத்தார்களாம். மணப்பாறை முறுக்கு. அந்த ஊர்ப் பொருள் எதுவும் எனக்கு வேண்டாம் என்று சொல்லவில்லை, பல் வலி என்றேன். மேரி நின்றபடியே பாதியைத் தின்று தீர்த்தாள். அக்கா தாளைப் பார்த்தார். "ஒரே வீட்ல இருந்துக்கிட்டு இதென்னம்மா நோட்டீசு?" என்றார்.

டிவி ரிமோட்டில் சத்தம் குறைக்கக்கூட என்னைக் கூப்பிடுகிறவர். அவருக்கு என்ன புரியும்.


ஜூன் 6, வியாழன்

மறுபடியும்.

இந்தத் தடவை நாற்காலி சரியாக இருந்தது. அதை இறக்கி வைக்கும் அளவுக்குப் புத்தி வந்திருக்கிறது. ஆனால் கடைசியாகத் திறந்த கோப்புகள் என்று கம்ப்யூட்டர் ஒரு பட்டியல் வைத்திருக்கும், அது தெரியவில்லை போல. 'நூலகப் பட்டியல்' என்ற கோப்பு இன்று காலை 11.20க்குத் திறக்கப்பட்டிருக்கிறது. காலை 11.20க்கு நான் கல்லூரி நூலகத்தில் இரண்டாமாண்டு மெக்கானிக்கல் பிள்ளைகளுக்குப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன். மேரி நைட் டூட்டி முடிந்து வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். அல்லது தூங்குவதாகச் சொன்னாள்.

அந்தக் கோப்பில் நூலகமும் இல்லை, பட்டியலும் இல்லை. யாருக்கும் திறக்கத் தோன்றக் கூடாது என்றுதான் அந்தப் பெயர் வைத்தேன். வக்கீலுக்காக எழுதுவது. நாற்பத்தொரு பக்கம் ஆகியிருக்கிறது. அதற்கு மேல் இங்கே சொல்ல வேண்டியதில்லை.

சாம்பார் அடிப்பிடித்துவிட்டது. அதையே ஊற்றிச் சாப்பிட்டேன். மேரி அப்பளம் பொரித்துக் கொடுத்தாள், தொடவில்லை.


ஜூன் 7, வெள்ளி

கம்ப்யூட்டர் லேப் செல்வநாயகம் சாரிடம் பொதுவாகக் கேட்பது போலக் கேட்டேன். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருக்கிற மனிதர், எதையும் துருவிக் கேட்க மாட்டார்.

"பாஸ்வேர்டே இல்லியா? என்னம்மா நீங்க!"

ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். கம்ப்யூட்டருக்கு பாஸ்வேர்ட். எழுந்து போனால் இரண்டு நிமிடத்தில் திரை தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். மெயில் பாஸ்வேர்டை கம்ப்யூட்டரில் சேமித்து வைக்கவே கூடாது. முக்கியமான கோப்புக்கு ஒரு நகல், பென் டிரைவில், எப்போதும் கைப்பையில். கூட இருப்பவர் கேட்டால் அவருக்கென்று தனிக் கணக்கு திறந்து கொடுத்துவிட வேண்டும், அதிலிருந்து நம் கோப்பு எதுவும் தெரியாது.

"பாஸ்வேர்டு மட்டும் யாராலயும் யூகிக்க முடியாததா வைங்க. பேரு, பொறந்த நாள் எல்லாம் வேணாம்."

வந்ததும் எல்லாவற்றையும் செய்தேன். பாஸ்வேர்ட் ஒரு தேதி. பிறந்த நாள் அல்ல. இந்தத் திருச்சியில் அந்தத் தேதி என்னைத் தவிர ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். அவளுக்கும் எட்டு எண்ணாகச் சேர்த்துப் போடத் தோன்றாது.


ஜூன் 9, ஞாயிறு

நல்ல நாள். மேரி வஞ்சிரம் வாங்கி வந்தாள். நான் மிளகாய் அரைத்தேன். மேரிக்கென்று ஒரு கணக்கு திறந்து வைத்திருப்பதாகச் சொன்னேன். "எனக்கு எதுக்குடி அது?" என்றாள். இருக்கட்டும் என்றேன்.

மேரியை நான் பார்த்தது ஒரு வார்டில். நான் படுத்திருந்தேன், அவள் டூட்டியில் இருந்தாள். டிஸ்சார்ஜ் ஆகி எங்கே போவதென்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தபோது, "எங்க மாடியில ஒரு ரூம் காலியா இருக்கு, வர்றியா?" என்று கேட்டவள். அது நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இந்த மார்ச்சில் அந்தத் தேதி வந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. அவள் லீவு போட்டுவிட்டுக் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

அவளை ஏன் சந்தேகப்பட்டேன் என்று இருந்தது. மீன் நன்றாக வந்தது.


ஜூன் 12, புதன்

பயமில்லை. ஆத்திரம்.

இன்று காலை 11.42க்கு 'நூலகப் பட்டியல்' திருத்திச் சேமிக்கப்பட்டிருக்கிறது. படித்ததோடு நிற்கவில்லை. திருத்தியிருக்கிறார்கள். பாஸ்வேர்ட் போட்டு உள்ளே போய், பதினேழாம் பக்கத்தில் ஒரே ஒரு வரியை மாற்றியிருக்கிறார்கள். நான் 'அவர் என்னைத் தள்ளினார்' என்று எழுதியிருந்த இடத்தில் 'நான் கால் தவறி விழுந்தேன்' என்று இருக்கிறது.

பென் டிரைவில் இருக்கிற நகலோடு வரி வரியாக ஒத்துப் பார்த்தேன். வேறெங்கும் கை வைக்கவில்லை. அந்த ஒரு வரிதான்.

மாற்றப்பட்ட கோப்பை ஆதாரத்துக்காகத் தனியே எடுத்து வைத்துவிட்டு, சரியான வரியைத் திரும்ப டைப் செய்தேன். ஒவ்வொரு எழுத்தாக. பாஸ்வேர்டையும் மாற்றினேன், தேதியெல்லாம் இல்லை, தலையும் வாலும் இல்லாத பதினாறு எழுத்து.

இந்த வீட்டு விலாசம் மணப்பாறையில் இருக்கும் அந்த ஆளுக்குத் தெரியாது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன். கோர்ட் தாளிலும் வக்கீல் ஆபீஸ் விலாசம்தான். அந்த ஆள் இங்கே வர முடியாது. வரவும் கூடாதென்று கோர்ட்டே சொல்லியிருக்கிறது. ஆகவே இது இந்த வீட்டுக்குள் இருக்கும் கை. அந்தத் தேதி தெரிந்த கை.

மேரி இன்று மதியம்வரை வீட்டில்தான் இருந்தாள்.


ஜூன் 13, வியாழன்

கேட்டுவிட்டேன். அவள் டூட்டிக்குக் கிளம்பத் தலை பின்னிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு நாளா அந்தாளோட பேசிக்கிட்டிருக்க?"

"எந்தாளோட?"

"நடிக்காத மேரி. நேத்து என் கம்ப்யூட்டர்ல கை வெச்சது யாரு? அந்தத் தேதி உனக்கு மட்டும்தான் தெரியும்."

அவள் சீப்பைக் கீழே வைத்தாள். புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்த பிறகு அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன், பார்த்தும் நிறுத்தவில்லை.

"ஆஸ்பத்திரில என் பேப்பர் எல்லாம் உன் கையிலதான இருந்துச்சு. அவன் என்ன சொன்னான்? பாவம், நல்ல மனுஷன், சேத்து வைங்கன்னானா? இல்ல, வேற எதாவது குடுத்தானா?"

"குமுதா, வாய மூடு."

"உண்மைய சொன்னா சுடுதா?"

"அன்னிக்கு உன் துணியெல்லாம் மாத்தினது நான். உன்ன கழுவி விட்டது நான். அந்தாளு வார்டு வாசல்ல வந்து நின்னப்ப செக்யூரிட்டிய கூப்பிட்டு வெளிய தள்ளச் சொன்னதும் நான். அந்தாளுக்கு நான் உளவு சொல்றேனா?" அவள் குரல் ஏறவே இல்லை. "நல்லாருக்குடி. ரொம்ப நல்லாருக்கு."

அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. பின்னலைப் பாதியில் விட்டுவிட்டு அப்படியே ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

நான் கேட்டது சரிதான். வேறு யாராக இருக்க முடியும்.


ஜூன் 14, வெள்ளி

மேரி நர்சுகள் குவார்ட்டர்சுக்குப் போய்விட்டாள். இரண்டு பெட்டி, ஒரு பாய், குக்கர். குக்கர் அவளுடையது.


ஜூன் 15, சனி

மேரியின் அறை காலியாகி வாடகை போயிற்றே என்று சகுந்தலா அக்கா வருத்தப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. துணி காயப்போடும்போது மாடிக்கு வந்தார்.

"போனா போகட்டும்மா. கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்லாதவ. அவளோட சேந்தா உனக்கும் அதே புத்திதான் வரும். நீயும் எத்தன நாளைக்கும்மா இப்படியே இருப்ப?"

"இருந்துட்டுப் போறேங்க்கா."

"என்ன பெரிய தூரமா? மத்தியானம் பஸ் ஏறினா மணப்பாறையில இருப்ப. நாலு வார்த்த நேர்ல உக்காந்து பேசுனா தீராதது எதுவும் இல்ல."

என் புருஷன் கத்தாரில் வேலை பார்ப்பதாகத்தான் இவரிடம் ஆரம்பத்தில் சொல்லியிருந்தேன். மணப்பாறை என்று சொன்னதாக நினைவில்லை. எப்போதாவது வாய் தவறிச் சொல்லியிருப்பேன். மேரி சொல்லியிருப்பாள்.

பெட்ஷீட்டில் சாயம் போய்விட்டது. புது பெட்ஷீட்.


ஜூன் 17, திங்கள்

நாற்காலி உயரமாக இருக்கிறது.

திரையில் 'தவறான கடவுச்சொல்' என்று நிற்கிறது. வந்தவர்களால் உள்ளே போக முடியவில்லை. முயன்றிருக்கிறார்கள்.

மேரி வாசல் சாவியைத் திருப்பிக் கொடுத்தாளா என்று யோசித்துப் பார்த்தேன். கொடுத்தாள். என் கண் முன்னால் ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். நகல் எடுத்து வைத்திருப்பாள் என்று எழுத வந்தேன். எழுத முடியவில்லை. இன்று அவளுக்கு டே டூட்டி. போன் செய்து வார்டில் கேட்டேன், காலையிலிருந்து அங்கேதான் இருக்கிறாளாம். அவளிடம் பேசாமல் வைத்துவிட்டேன்.

வேறு எதையும் யோசிக்கப் போவதில்லை இன்று. அறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறது. அதன் மேல் பீரோவையும் நகர்த்தி வைத்திருக்கிறேன். இடித்துக்கொண்டு நகம் பெயர்ந்துவிட்டது.


ஜூன் 18, செவ்வாய்

செல்வநாயகம் சாரிடம் இந்தத் தடவை பொதுவாகக் கேட்கவில்லை. முழுவதும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு லேபில் கிடந்த ஒரு பழைய வெப்கேமைத் தேடி எடுத்துக் கொடுத்தார். அதோடு ஒரு புரோகிராம். யாராவது தப்பான பாஸ்வேர்ட் போட்டால் படம் எடுத்து அப்போதே என் மெயிலுக்கு அனுப்பிவிடுமாம்.

"கம்ப்யூட்டர அணைக்காம பூட்டி மட்டும் வெச்சிட்டு வாங்க. கேமரா மேல அந்த நோட்டீச ஒட்டி வைங்க, கேமரா கண்ணு மட்டும் தெரியட்டும். யாருன்னு தெரிஞ்சா தனியா போய் நிக்காதீங்கம்மா. என்னைக் கூப்பிடுங்க."

வந்து பொருத்தினேன். என் முகத்தை நானே படமெடுத்துச் சோதித்தேன். இவ்வளவு வயதாகிவிட்டதா எனக்கு.


ஜூன் 19, புதன்

காலை 11.08. நூலகத்தில் திரும்பி வந்த புத்தகங்களுக்கு முத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். போன் மூன்று முறை அதிர்ந்தது. மூன்று படம்.

முதல் படத்தில் நீலக் கட்டம் போட்ட சட்டை, ஒரு பட்டன். இரண்டாவதில் மோவாயும் மீசையும். மூன்றாவதில் முழு முகம், திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டு. அவனுக்குப் பின்னால் சகுந்தலா அக்கா, டம்ளரும் டபராவுமாக நிற்கிறார். அந்தப் புகைப்படத்தில் அவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

தனசேகர். என் புருஷன். என் நாற்காலியில்.

கையில் இருந்த ஆறு புத்தகத்துக்கும் முத்திரை போட்டு முடித்தேன். எதற்கென்று தெரியவில்லை. முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

பொற்கொடி மேடத்துக்குப் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். "ஸ்டேஷனுக்கு போலாம். நான் வர்றேன். வீட்டுக்கு மட்டும் தனியா போயிராதீங்க." தனியாகப் போகவில்லை. செல்வநாயகம் சார் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அவன் போயிருந்தான். மேஜையில் டம்ளர் இருந்தது. அடியில் கொஞ்சம் காபி, ஆறவில்லை.

சகுந்தலா அக்கா கீழ் வீட்டு வாசலிலேயே நின்றார். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார். தெரிந்தும் அவருக்கு வெட்கம் வரவில்லை.

"கட்டின புருஷன் வந்து வாசல்ல நின்னா வெளிய போன்னா சொல்ல முடியும்? என்கிட்ட இருந்த சாவியால நான்தான் தெறந்து விட்டேன். கண்ணுல தண்ணி விட்டாரும்மா அந்தத் தம்பி. கோவத்துல என்னென்னவோ எழுதி வெச்சிருக்கா, அத ஒரு தடவ பாத்துட்டுப் போயிடறேன்னாரு. உன்ன கூட்டிட்டுப் போகத்தான ஆசப்படறாரு?"

"எத்தன தடவ வந்தான்?"

"மரியாதையா பேசு."

"எத்தன தடவைக்கா?"

"மே மாசத்துலேர்ந்து ஒரு ஆறு ஏழு தடவ இருக்கும். நீ இல்லாதப்பதான் வருவாரு. உனக்குத் தொந்தரவு குடுக்கக் கூடாதுன்னு."

"மேரி வீட்ல இருந்தப்பவுமா?"

"அவ கதவ சாத்திக்கிட்டு பொணம் மாதிரி தூங்குவா. அவளுக்கென்ன தெரியும்."

"என் ரூமுக்குள்ள போனானா?"

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, என் ரூமுக்குள்ள போனானான்னு கேக்கறேன்."

"கட்டில்ல கொஞ்ச நேரம் உக்காந்திருந்தாரு. அவ்வளவுதான். அதுல என்னம்மா தப்பு? உங்கண்ணன்தான் விலாசத்தையே குடுத்து அனுப்பிச்சிருக்காரு. கூடப்பொறந்தவரே குடுக்கறாரு, நான் யாரு குறுக்க நிக்க?"

நான் அடித்துவிடுவேனோ என்று செல்வநாயகம் சார் பயந்திருக்க வேண்டும். எங்கள் நடுவில் வந்து நின்றுகொண்டார். நான் அடிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வெளியே வரும் அளவுக்குக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தொண்டை இன்னும் கரகரக்கிறது.


ஜூன் 20, வியாழன்

ஸ்டேஷனில் புகார் எழுதிக்கொண்டவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டார். "வீட்டுக்காரரு பொண்டாட்டி கம்ப்யூட்டர பாத்ததுக்கு ஒரு கம்ப்ளெய்ண்ட்டா?"

பொற்கொடி மேடம் பையிலிருந்து கோர்ட் உத்தரவை எடுத்து அவர் முன்னால் விரித்தார். "இவங்க இருக்கற இடத்துக்கு அவர் வரவே கூடாதுன்னு மாஜிஸ்திரேட் போட்ட உத்தரவு. கீழ தேதி பாருங்க. போட்டோவுலயும் தேதி பாருங்க. இப்ப எழுதறீங்களா, நான் மேல போகட்டுமா?"

எழுதினார்.

அண்ணனுக்கு போன் செய்தேன். "நல்லதுக்குத்தாம்மா குடுத்தேன்" என்றான். அந்த ஆள் என் லேப்டாப்பைச் சுவரில் அடித்து உடைத்த அன்றும் இதையேதான் சொன்னான், உன் நல்லதுக்குத்தான் கோபப்படுகிறார் என்று. அவர்களுக்கெல்லாம் என் நல்லது தெரிந்திருக்கிறது. தினமும் என் போனை வாங்கிப் பார்த்ததும் நல்லதுக்கு. என் மெயிலுக்கு அந்த ஆள் பதில் எழுதியதும் நல்லதுக்கு. போனை வைத்தேன். இனி எடுக்கப் போவதில்லை.

கல்லூரி லேடீஸ் ஹாஸ்டலில் கெஸ்ட் ரூம் ஒரு மாதத்துக்குக் கிடைத்தது. கம்ப்யூட்டரை சார் காரில் ஏற்றி வந்தார். சிபியூவை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.


ஜூன் 23, ஞாயிறு

ஆஸ்பத்திரி வாசலில் மேரிக்காகக் காத்திருந்தேன். டூட்டி முடிந்து வந்தவள் என்னைப் பார்த்ததும் நின்றாள். போய்விடவில்லை, அவ்வளவுதான்.

போனில் படத்தைக் காட்டினேன். பார்த்தாள். வெகு நேரம் பார்த்தாள்.

"நான் உள்ள தூங்கிக்கிட்டிருந்தப்ப ஹால்ல இவன் உக்காந்திருந்தானா?"

"ஆமா."

"அம்மாடி." மார்பில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மேரி, நான் உன்கிட்ட பேசினது..."

"வேணாம்."

"மன்னிப்பு கேக்கத்தான் வந்தேன்."

"கேட்டு? அன்னிக்கு நீ கேட்டது கேள்வியா? நீயே முடிவு பண்ணிட்டு வந்து என் மூஞ்சியில எறிஞ்ச. ஒரு தடவ 'மேரி, என்ன நடக்குது, எனக்குப் பயமா இருக்கு'ன்னு சொல்லிருந்தா நான் ராத்திரி டூட்டிய மாத்திக்கிட்டு அந்த ஹால்லயே பாய் போட்டு உக்காந்திருப்பேன்."

அவள் சொன்னது உண்மை. பயம் என்ற வார்த்தையை இந்த நோட்டில்கூட நான் ஒழுங்காக எழுதவில்லை.

"கோர்ட்ல சாட்சி சொல்லணுமா?" என்று அவளே கேட்டாள்.

"வக்கீல் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"சொல்றேன். அன்னிக்கு அட்மிஷன்ல நீ சொன்னத எழுதினது நான்தான். என் கையெழுத்து இருக்கு. ஆனா அதுக்காக உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்காத."

"நெனைக்கல."

"நெனைக்காத" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனாள்.


ஜூலை 1, திங்கள்

ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை. கம்ப்யூட்டர் அறைக்குள்ளேயே இருக்கிறது. கட்டிலில் உட்கார்ந்து டைப் செய்கிறேன், முதுகு வலிக்கிறது. நாற்பத்தொன்று இப்போது ஐம்பத்தாறு பக்கம்.


ஜூலை 9, செவ்வாய்

இன்று நடந்ததை முழுவதும் எழுதிவிட வேண்டும்.

கோர்ட்டில் அவன் வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் விபூதியோடு நின்றான். உத்தரவுக்குப் பிறகு நான் இருக்கும் இடத்தின் பக்கமே போகவில்லை என்றான். படம் ஜோடித்தது என்றான். அதோடு நின்றிருக்கலாம். அவனுடைய வக்கீல் எழுந்து ஒரு தாளை நீட்டினார். மனுதாரர் தன் கைப்பட டைப் செய்தது, தான் கால் தவறி விழுந்ததாக அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார், பாருங்கள் என்று.

பதினேழாம் பக்கம்.

பொற்கொடி மேடம் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

மாஜிஸ்திரேட் அம்மா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?"

"அவங்களே மெயில்ல அனுப்பினாங்கம்மா."

"எப்ப?"

"போன... போன மாசம். தேதி ஞாபகமில்ல."

மேடம் எழுந்தார். அந்த வரி அப்படி இருந்தது ஒரே ஒரு நாள்தான் என்றார். ஜூன் பன்னிரண்டு காலை 11.42க்கு மாற்றப்பட்டது, அன்று மாலையே மனுதாரர் அதைச் சரி செய்துவிட்டார். மாற்றுவதற்கு முந்தைய நகல் பென் டிரைவில் இருக்கிறது. மாற்றப்பட்ட கோப்பு நேரத்தோடு இருக்கிறது. அந்த நேரத்தில் மனுதாரர் கல்லூரியில் இருந்ததற்கு வருகைப் பதிவேடு இருக்கிறது. அவருடைய மெயிலில் அனுப்பியவை முழுவதும் இதோ, எதிர்மனுதாரருக்கு ஒன்றுகூடப் போகவில்லை. "இந்தத் தாள் இவர் கையில இருக்கணும்னா, அந்த நாள்ல அந்தக் கம்ப்யூட்டர் முன்னாடி இவர் உக்காந்து காப்பி எடுத்திருந்தாகணும். வேற வழியே இல்லம்மா."

அவனுடைய வக்கீல் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவரிடமும் பொய்தான் சொல்லியிருக்கிறான்.

"அவ என் பொண்டாட்டி" என்றான் திடீரென்று, சத்தமாக. "அவ என்ன எழுதறான்னு பாக்க எனக்கு உரிமை இல்லியா?"

குமாஸ்தா அதை எழுதிக்கொண்டார்.

அடுத்து மேரி வந்தாள். அன்றைக்கு டூட்டியில் இருந்த நர்ஸ் என்று சொன்னாள். நோயாளி வந்ததும் சொன்னதை அப்படியே எழுதியதாகச் சொன்னாள், ஆஸ்பத்திரிப் பதிவைப் பார்த்துத் தன் கையெழுத்தை அடையாளம் காட்டினாள். என் பக்கம் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. குறுக்கு விசாரணையில் நீங்கள் தோழிதானே என்று கேட்டார்கள். "இப்ப பேச்சுவார்த்த இல்ல" என்றாள்.

பிறகு மாஜிஸ்திரேட் அம்மா என்னிடம் கேட்டார். "முதல்ல அந்த இடத்துல என்ன எழுதியிருந்தீங்க? நீங்களே படிங்க."

பதினேழாம் பக்கத்தின் சரியான நகலை மேடம் கொடுத்தார். நான் படித்தேன். இந்த நோட்டில் நான் எழுதாமல் சுற்றிச் சுற்றி வந்த வரியை இங்கேயும் எழுதுகிறேன்.

'2018 மார்ச் 19 காலை எட்டு மணிக்கு, என் போனைக் கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காக, மாடிப்படியின் மேலிருந்து அவர் என்னைத் தள்ளினார். எனக்கு அப்போது ஏழு மாதம். அன்று மதியம் பெண் குழந்தை இறந்து பிறந்தது.'

என் குரல் நடுங்கும் என்று நினைத்தேன். நடுங்கவில்லை. சகுந்தலா அக்காவிடம் கத்திய அன்று கெட்ட தொண்டைதான், ஆனாலும் குரல் நன்றாக ஏறியது. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் அவனைப் பார்த்துக்கொண்டே, கேட்காமலே, 'தள்ளினார்' என்ற வரியை இன்னொரு முறை படித்தேன். யாரும் தடுக்கவில்லை.

உத்தரவை மீறியதற்கும் கோர்ட்டில் பொய்த்தாள் கொடுத்ததற்கும் அவன் மேல் தனித்தனியே வழக்கு. போலீஸ் அங்கேயே அழைத்துப் போனது. சகுந்தலா அக்காவுக்குச் சம்மன் போகும். என் வழக்கு அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கப்பட்டது. ஜெயித்துவிட்டது போல மேடம் என் தோளைத் தட்டினார். எனக்கு அப்படி இல்லை. ஜெயித்தால் கோபம் தணியுமென்று நினைத்திருந்தேன். அது அப்படியே இருக்கிறது. இருக்கட்டும். அதை என்ன செய்வதென்று இப்போது எனக்குத் தெரிகிறது.

வெளியே வேப்பமரத்தடியில் மேரி செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டு நின்றாள். போய்ப் பக்கத்தில் நின்றேன். நிமிராமலே பேசினாள்.

"ரெண்டாவது தடவ எதுக்குப் படிச்ச?"

"அவனுக்குக் கேக்கணும்னு."

"வராண்டா கடைசி வரைக்கும் கேட்டுச்சு. பெஞ்சுல உக்காந்திருந்த பொம்பளைங்க எல்லாம் எழுந்திரிச்சிட்டாங்க."

அவ்வளவுதான் பேசினாள். மதிய டூட்டிக்கு நேரமாகிவிட்டதென்று வந்த முதல் பஸ்ஸில் ஏறினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடி, பஸ் திரும்பும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை காட்டவில்லை.